மல்லோ மைனர்களின் மெட்டு

ச க ச க என்று இரண்டே ஸ்வரங்களை மாறி மாறித் தொட்டுக்கொண்டு தொடங்கும் மெட்டு அது. அடுத்த அடியில் அதே அசைவை ஒரு படி இறக்கி நி ரி நி ரி என்று சொல்லும். முன்பாதி எட்டு பார் (மேற்கத்திய இசையில் ஒரு தாளச் சுற்று), பின்பாதி எட்டு பார், அவ்வளவுதான். அயர்லாந்தில் அதற்கு 'ரேக்ஸ் ஆஃப் மல்லோ' என்று பெயர். இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டை ஒட்டிய ஒரு கிராமத்தில் 'ரிக்ஸ் ஓ மார்லோ' என்ற பெயரில் அதற்குத் தடி தட்டி ஆடுகிறார்கள். நம் ஊரில் சங்கீத வகுப்புக்குப் போன பலர் அதே மெட்டை 'வந்தே மீனாக்ஷி' என்று பாடிப் பழகியிருப்பார்கள்.

பல ஆண்டுகளாக இந்த மெட்டின் பின்னால் அலைந்துகொண்டிருக்கிறேன். பழைய நடனப் புத்தகங்கள், கிராமத்துக் கலைஞர்களின் ஒலிப்பதிவுகள், இசை ஆய்வாளர்களின் சண்டைகள் என்று அது இழுத்த இழுப்புக்கெல்லாம் போயிருக்கிறேன். அலைந்ததில் எனக்குள் ஓர் எண்ணம் வலுப்பட்டுவிட்டது. ஏறக்குறைய 280 ஆண்டுகளாக இந்த மெட்டு சாகாமல் இருப்பதற்குக் காரணம், போன இடமெல்லாம் அது தன் பழைய சொற்களை உதறிவிட்டுப் போனதுதான். யார் கையில் கிடைத்ததோ அவர்களுடைய காரியத்துக்கு அது ஒத்துழைத்தது.

முதலில் மல்லோ. அயர்லாந்தின் தெற்கே கார்க் மாவட்டத்தில், பிளாக்வாட்டர் ஆற்றங்கரையில் இருக்கிற சிறு நகரம். 1720களில் அங்கே இருந்த வெதுவெதுப்பான நீரூற்று நோய் தீர்க்கும் என்று பெயர் பரவியது. இங்கிலாந்தில் பாத் நகரத்துக்குப் பெரிய மனிதர்கள் போவதுபோல அயர்லாந்தின் பெரிய மனிதர்கள் மல்லோவுக்கு வரத் தொடங்கினார்கள். காலையில் ஊற்றுநீர் குடிப்பார்கள், கரையோரம் இசை கேட்டபடி உலாவுவார்கள், மாலையில் சீட்டாட்டமும் நடனமும் நடக்கும். நோய் இல்லாதவர்களும் கூடினார்கள். நிலவுடைமைக் குடும்பங்களின் வாலிபப் பிள்ளைகள்தான் அவர்களில் அதிகம். நம் ஊர் ஜமீன் கதைகளில் வரும் மைனர்களை நினைத்துக்கொண்டால் போதும், ஆளை அடையாளம் கண்டுவிடலாம்.

பாட்டு அவர்களைப் பற்றியது. அழகு பார்ப்பது, ஆடுவது, குடிப்பது, கண்ணாடி ஜன்னல்களை உடைப்பது, சாபம் போடுவது, எதையும் யோசிக்காமல் சுற்றித் திரிவது, இதுதான் மல்லோ மைனர்களின் வாழ்க்கை என்று முதல் அடியிலேயே சொல்லிவிடுகிறது. குத்தகைப் பணம் வந்து சேர்வதற்கு முன்பே செலவாகிவிடும். கடன் கேட்டு வருகிறவனுக்கும் அமீனாவுக்கும் அடி விழும். கடைசியில் குடியை விட்டு, கல்யாணம் செய்துகொண்டு, வீட்டில் ஓயாத சண்டையோடு மறுபடி மல்லோவுக்கு ஏங்குகிறார்கள். இந்தப் பாட்டை எட்வர்ட் லைசாட் என்ற ஐரிஷ் கவிஞர் எழுதியதாகப் பல தொகுப்புகளில் அச்சிட்டுவிட்டார்கள். லைசாட் பிறந்தது 1763இல். மெட்டோ மல்லோவின் பெயரைச் சுமந்துகொண்டு 1740களிலேயே லண்டனில் அச்சாகிவிட்டது. நடமாட்டத்தில் இருந்த ஒரு பாட்டுக்கு, கெட்டிக்காரர் என்று பேர் வாங்கிய ஒருவரைப் பின்னால் வந்தவர்கள் தகப்பனாக்கிவிட்டார்கள். மெட்டைக் கட்டியவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

அந்த ஆண்டுகளைப் பற்றி இன்னொன்றையும் சொல்லாமல் என்னால் நகர முடியாது. 1739 டிசம்பர் கடைசியில் அயர்லாந்தைக் கடும் உறைபனி பிடித்தது. மண்ணுக்குள் சேமித்து வைத்திருந்த உருளைக்கிழங்கு உறைந்து அழுகியது. அடுத்து மழை பொய்த்தது, தானியம் விளையவில்லை, காய்ச்சல் பரவியது. 1740, 1741 இரண்டு ஆண்டுகளில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டுபோனார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். அன்றைய மக்கள்தொகைக்கு, நூறாண்டு கழித்து வந்த பெரும் பஞ்சத்தைவிடக் குறைவில்லாத சாவு. மிக மோசமாக அடிபட்டது மன்ஸ்டர் மாகாணம். மல்லோ இருப்பது அங்கேதான். குத்தகை கட்ட முடியாமல் குடியானவர்கள் சாலையோரம் விழுந்து செத்துக்கொண்டிருந்த காலத்துக்கும், அந்தக் குத்தகைப் பணத்தில் குடித்தவர்களைக் கொண்டாடும் பாட்டின் மெட்டு லண்டன் கடைகளில் விற்பனைக்கு வந்த காலத்துக்கும் சில ஆண்டுகள்தான் இடைவெளி. இந்தப் பாட்டின் வரிகளை இன்றைக்கு ஒரு கொண்டாட்டமாகக் கேட்க என்னால் முடிவதில்லை. வரிகள் உதிர்ந்து மெட்டு மட்டும் நின்றதில் எனக்கு வருத்தமே கிடையாது.

வரிகளை முதலில் உதிர்த்தது லண்டன் பதிப்பகங்கள். 1651இல் ஜான் பிளேஃபோர்டு என்ற பதிப்பாளர் நூற்றைந்து நடனங்களை மெட்டோடும் ஆட்டக் குறிப்போடும் ஒரே புத்தகமாக வெளியிட்டார். அது பதிப்பு மேல் பதிப்பாக 1728 வரை வந்துகொண்டிருந்தது. அதற்குள் மற்றவர்களும் தொழிலைக் கற்றுக்கொண்டார்கள். ஆண்டுக்கொரு முறை இருபத்துநான்கு புதிய கிராமிய நடனங்கள் என்று சிறு ஏடுகள் வெளிவந்தன. கோட்டுப் பைக்குள் அடங்கும் அளவில், குறுக்குவாட்டில் நீண்ட ஏடுகள். மேலே மெட்டு, கீழே நான்கைந்து வரியில் ஆட்டக் குறிப்பு. நடன ஆசிரியர் அதைப் பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போவார். கூடவே, அதே பையில் செருகிக்கொள்ளும் அளவுக்கு ஒடுக்கமான ஒரு குட்டிப் பிடிலும் இருக்கும்.

மல்லோ மெட்டு இந்தச் சந்தைக்குள் 1740களில் வந்தது. லண்டனில் வாழ்ந்த ஐரிஷ் புல்லாங்குழல் கலைஞர் பர்க் துமோத் அதைத் தம் தொகுப்பில் சேர்த்தார். பன்னிரண்டு ஆங்கில மெட்டுகளும் பன்னிரண்டு ஐரிஷ் மெட்டுகளும் அடங்கிய தொகுப்பு அது. அன்றைக்கே ஆங்கிலம், ஐரிஷ் என்று பங்கு பிரித்து விற்றிருக்கிறார்கள். ஆனால் நடனக் கூடத்தில் ஆடியவர்கள் பங்கு கேட்கவில்லை. அங்கே குடியும் ஜன்னலும் அமீனாவும் யாருக்கும் தேவைப்படவில்லை. மெட்டு கால்களைத் தூக்கிவிட்டதா என்பது ஒன்றுதான் கேள்வி.

அந்த ஆட்டத்தின் அமைப்பைச் சற்று விளக்க வேண்டும், மெட்டின் உடல்வாகு அதிலிருந்துதான் வந்தது. ஆண்கள் ஒரு வரிசையாகவும் பெண்கள் எதிர் வரிசையாகவும் நிற்பார்கள். தலைமாட்டில் நிற்கும் ஜோடி ஒரு சுற்று ஆடி முடித்ததும் ஓர் இடம் கீழே நகரும். அடுத்த சுற்றில் இன்னோர் இடம். இப்படி எல்லா ஜோடியும் மேலே வந்து ஆடி முடிக்கும்வரை ஆட்டம் ஓயாது. பிடில்காரர் முன்பாதியை இருமுறை, பின்பாதியை இருமுறை வாசித்தால் ஒரு சுற்று. நீண்ட வரிசை என்றால் அதே முப்பத்திரண்டு பார்களை இருபது முறைக்கு மேலும் வாசிக்க வேண்டிவரும். இரவு முழுவதும் இப்படிப் பல ஆட்டங்கள். ஆகவே மெட்டு கேட்பவருக்குச் சலிக்கவும் கூடாது, வாசிப்பவரின் கையை வாட்டவும் கூடாது. இரண்டுக்கும் தோதான மெட்டுகளே பிழைத்தன. மற்றவை ஏட்டோடு போயின.

மல்லோ மெட்டு வாசிப்பவரின் கைக்கு எவ்வளவு இதமானது என்பது பிடிலை எடுத்தால்தான் விளங்கும். மேற்கத்தியச் சுருதியில், ஜி-யை ஷட்ஜமாக வைத்து வாசிக்கிறேன் என்று கொள்ளுங்கள். ச-வுக்கு மோதிர விரல் டி தந்தியில். க-வுக்கு ஆள்காட்டி விரல் பக்கத்து ஏ தந்தியில். இரண்டு விரலையும் வைத்துவிட்டால் ச க ச க முடியும்வரை இடது கை அசைய வேண்டியதில்லை. வலது மணிக்கட்டு மட்டும் வில்லை ஒரு தந்தியிலிருந்து அடுத்த தந்திக்குச் சாய்த்துச் சாய்த்து எடுக்கும். அடுத்து நி ரி நி ரி. மோதிர விரலையும் ஆள்காட்டி விரலையும் தூக்கினால் போதும். ஏற்கெனவே அடியில் ஊன்றியிருக்கும் நடுவிரல் நி-யைக் கொடுத்துவிடும், திறந்த ஏ தந்தி ரி-யைக் கொடுத்துவிடும். எட்டு ஸ்வரத்துக்கு இரண்டு விரல் தூக்கல்தான் வேலை. அதற்குள் வில் பிடித்துக்கொள்ளும் தாளம்தான் ஆடுபவரின் காலுக்குள் இறங்குகிறது. பின்பாதி மேல் ஷட்ஜத்தில் ஏறி நின்று அங்கிருந்து இறங்கி வரும். முன்பாதி முழுவதும் மணிக்கட்டின் வேலை, பின்பாதி விரல்களின் வேலை. ஒன்று உழைக்கும்போது மற்றது ஓய்வெடுக்கிறது. இதைக் கட்டியவர் யாராக இருந்தாலும் பிடிலைக் கையில் வைத்துக்கொண்டுதான் கட்டியிருக்க வேண்டும் என்பது என் திடமான நம்பிக்கை.

இரண்டு எண்ணிக்கைத் தாளத்தில் நேராக நடக்கும் மெட்டு என்பதால் நடைபோடவும் அது உதவியது. நடனக் கூடத்து மெட்டுகளைப் படைப்பிரிவுகளின் வாத்தியக்காரர்கள் எடுத்துக்கொள்வது அன்றைய வழக்கம். அப்படித்தான் இத்தகைய மெட்டுகள் கிழக்கிந்தியக் கம்பெனியோடு கப்பலேறின. சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் பாண்டு வாசித்தது.

சென்னைக்கு வடக்கே மணலியில் முத்துகிருஷ்ண முதலியார் என்ற செல்வந்தர் இருந்தார். கம்பெனியின் சென்னை ஆளுநர் பிகட்டுக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். அவர் குடும்பத்தின் ஆதரவில் கர்நாடக இசைக் கலைஞர் ராமசுவாமி தீட்சிதர் தம் பிள்ளைகளோடு மணலியில் வந்து தங்கினார். முதலியாரின் மகன் சின்னையா கோட்டைக்குப் போகும்போது தீட்சிதரின் பிள்ளைகளையும் அழைத்துப் போவார். இளையவர் பாலுசுவாமிக்கு ஐரோப்பிய வாத்தியக்காரர் ஒருவரிடம் பிடில் கற்க ஏற்பாடு செய்தார். கர்நாடக இசைக்குப் பிடில் வந்த கதையின் முக்கியமான கண்ணி இது. அந்த வாத்தியத்தைத் தரையில் அமர்ந்து, மார்புக்கும் கணுக்காலுக்கும் நடுவில் இருத்தி, வேறொரு வாத்தியமாகவே ஆக்கிவிட்டார்கள் நம் கலைஞர்கள்.

மூத்தவர் முத்துசுவாமி தீட்சிதர் பிடிலோடு வந்த மெட்டுகளைக் கேட்டார். அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். நொட்டுஸ்வர சாகித்தியங்கள் என்று நாம் சொல்லும் ஏறத்தாழ நாற்பது உருப்படிகள் அவை. இங்கிலாந்தின் தேசிய கீதத்துக்கு 'ஸந்ததம் பாஹிமாம்' என்று எழுதினார். மல்லோ மைனர்களின் மெட்டில் 'வந்தே மீனாக்ஷி' என்று எழுதினார். கண்ணாடி உடைத்தவர்களைப் பாடிய மெட்டில் மதுரை மீனாட்சி வந்து அமர்ந்தாள்.

தீட்சிதரைப் பற்றிப் பேசும்போது இந்த உருப்படிகளைச் சிலர் விளையாட்டு என்று ஒதுக்கிவிடுவார்கள். கமலாம்பா நவாவரணம் போன்ற கனமான கீர்த்தனைகளைப் படைத்தவர் எதற்காக இதைச் செய்தார் என்று கேட்பவர்களும் உண்டு. எனக்கு அந்தக் கேள்வியில் உடன்பாடு இல்லை. ஸ்வரத்தை அசைத்து இழைக்கும் கமகம் துளியும் இல்லாமல், சங்கராபரணத்தின் ஸ்வரங்களைச் சுத்தமாக நிறுத்தி நிறுத்திப் பாட வேண்டிய உருப்படி இது. ராகத்தை இழைத்து இழைத்தே பாடிய ஒருவர், இழைப்பே இல்லாத இசையைக் கேட்டு, அதன் இலக்கணத்தை மாற்றாமல், அதன் ஒவ்வொரு ஸ்வரத்திலும் ஓர் அசையைப் பொருத்தியிருக்கிறார். அந்நிய மெட்டை நம் வழிக்கு வளைக்காமல் அதன் வழியிலேயே போய் எழுதியதுதான் இதன் சிறப்பு. சின்னப் பிள்ளைகள் பாடும்போது அந்த ச க ச க-வில் ஒரு துள்ளல் தானாக வந்துவிடும். நடனக் கூடத்துக்காகக் கட்டிய மெட்டு என்பதை யாரும் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவதில்லை. ஆனால் அவர்கள் உடம்புக்குத் தெரிகிறது.

தீட்சிதர் 1835இல் மறைந்தார். அதே மெட்டு ஆங்கிலக் கிராமத்து வாயிலிருந்து முறையாகக் குறித்துக்கொள்ளப்பட்டது அதற்கு அறுபத்துநான்கு ஆண்டுகளுக்குப் பிறகுதான்.

ஹெடிங்டன் குவாரி என்பது ஆக்ஸ்ஃபோர்டின் கிழக்குப் புறத்தில் இருக்கிற ஊர். கல் வெட்டுபவர்கள், செங்கல் அறுப்பவர்கள், கொத்தனார்கள் வாழ்ந்த ஊர். அங்கே மோரிஸ் ஆட்டம் வழிவழியாக நடந்துவந்தது. ஆறு ஆண்கள், மூன்று மூன்று பேராக இரண்டு வரிசை. வெள்ளை உடுப்பு, குறுக்கே நாடா, முழங்காலுக்குக் கீழே தோல் பட்டையில் வரிசை வரிசையாக மணிகள். நம் சலங்கையைவிடக் கணீரென்று, சிதறலாக ஒலிக்கும். சில ஆட்டங்களுக்குக் கையில் கைக்குட்டை, சிலவற்றுக்குத் தடி. அந்த வட்டாரத்தில் முன்பு ஒரே ஆள் இடது கையில் மூன்று துளைக் குழலும் வலது கையில் சிறு பறைக் குச்சியுமாக ஆட்டத்துக்கு வாசிப்பார். 19ஆம் நூற்றாண்டில் அந்த இடத்தைப் பெரும்பாலும் பிடில் பிடித்துக்கொண்டது. பிறகு கான்செர்டினா என்ற சிறு துருத்தி வாத்தியம் வந்தது.

ஊருக்குள் மெட்டு எந்த வாசல் வழியாக வந்தாலும், பெயர் மட்டும் உருமாறிப்போயிருந்தது. ஐரிஷ் நகரமான மல்லோவைக் கேள்விப்படாதவர்களுக்குத் தேம்ஸ் கரையில் இருக்கும் மார்லோ தெரிந்த ஊர். மைனர்கள் காணாமல் போனார்கள். ஆட்டக்காரர்கள் கையில் தடி இருந்தது, அந்தத் தடிகள் மோதும் சத்தம்தான் இப்போது மெட்டின் மேல் ஏறிக்கொண்ட பாட்டு.

1887இல் ஹெடிங்டன் குழு ஆட்டத்தை நிறுத்திவிட்டது. ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த பெர்சி மேனிங் என்ற பழம்பொருள் ஆர்வலர் 1899இல் பழைய ஆட்டக்காரர்களைத் தேடித் திரட்டி, மார்ச் மாதம் ஆக்ஸ்ஃபோர்டின் தானியச் சந்தை மண்டபத்தில் ஆட வைத்தார். அந்த ஆண்டு டிசம்பரில் குளிர் கடுமை. கட்டட வேலை நின்றுபோனது. வருமானம் இல்லாத கொத்தனார்கள் சில்லறை சேர்க்கலாம் என்று, கோடையை ஒட்டி வரும் பெந்தெகொஸ்தே காலத்தில் ஆடவேண்டிய ஆட்டத்தை, கிறிஸ்துமஸுக்கு மறுநாளான டிசம்பர் 26 அன்று ஆடிக்கொண்டு ஊர் சுற்றினார்கள். ஹெடிங்டனில் ஒரு வீட்டின் முன்னால் ஆடியபோது, மாமியார் வீட்டுக்கு வந்திருந்த ஓர் இசை ஆசிரியர் ஜன்னல் வழியே பார்த்தார். செசில் ஷார்ப் என்று பெயர், வயது நாற்பது. கான்செர்டினா வாசித்த கொத்தனாரின் பெயர் வில்லியம் கிம்பர், வயது இருபத்தேழு. காலம் தப்பி ஆடுவதற்காகக் கிம்பர் வருத்தம் தெரிவித்துக்கொண்டார். ஷார்ப் அவரை மறுநாள் வரச் சொல்லி, அவர் வாசிக்க வாசிக்க ஐந்து மெட்டுகளைக் குறித்துக்கொண்டார். அவற்றில் ஒன்று 'ரிக்ஸ் ஓ மார்லோ'.

ஆங்கில நாட்டுப்புற இசை மறுமலர்ச்சி பிறந்த நாள் என்று இந்த நிகழ்ச்சியைப் புத்தகங்கள் கொண்டாடுகின்றன. ஷார்ப்பின் உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். சைக்கிளில் ஊர் ஊராகப் போய் ஆயிரக்கணக்கான பாட்டுகளையும் மெட்டுகளையும் அவர் குறித்துவைக்கவில்லை என்றால் பெரும்பகுதி அழிந்திருக்கும். ஆனால் மோரிஸ் ஆட்டம் கிறிஸ்தவத்துக்கு முந்தைய சடங்கின் மிச்சம் என்றும், நாட்டுப்புற மெட்டு படிப்பறிவும் அச்சும் தீண்டாத மக்களிடம் ஊறியது என்றும் அவர் கொண்டிருந்த நம்பிக்கையை இந்த ஒரு மெட்டே மறுக்கிறது. இங்கிலாந்தில் மோரிஸ் ஆட்டத்துக்குக் கிடைத்திருக்கும் முதல் சான்று 1448இல் லண்டன் பொற்கொல்லர் சங்கம் ஆட்டக்காரர்களுக்கு ஏழு ஷில்லிங் கொடுத்ததாக எழுதிய கணக்கு. காடும் பலிபீடமும் அங்கே இல்லை, நகரத்துச் சங்கத்தின் செலவுப் புத்தகம் இருக்கிறது. மெட்டோ சொகுசு நகரத்துக் குடிகாரர்களைப் பாடியது, லண்டன் அச்சகத்தில் விலைக்கு விற்றது. இதனால் ஹெடிங்டன் கொத்தனார்களுக்கு அதன்மேல் இருக்கும் உரிமை குறைந்துவிடாது என்றுதான் நான் நினைக்கிறேன். விலைக்கு வாங்கியதோ காதில் விழுந்ததோ, தலைமுறை தலைமுறையாகக் காலில் மணி கட்டி ஆடியவர்கள் அவர்கள்.

குறித்துக்கொண்ட மெட்டுகள் ஷார்ப்பின் நோட்டுப் புத்தகத்திலேயே ஐந்தாறு ஆண்டுகள் கிடந்தன. அவற்றை வெளியே கொண்டுவந்தவர் மேரி நீல். லண்டனில் தையல் கூடங்களில் நாள் முழுவதும் குனிந்து உழைத்த ஏழைப் பெண்களுக்காக 1895இல் எமெலின் பெதிக்குடன் சேர்ந்து எஸ்பெரான்ஸ் என்ற மன்றத்தைத் தொடங்கியவர். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடியவர்களோடு நின்றவர். மன்றத்துப் பெண்களுக்குக் கற்றுத்தர ஏதேனும் ஆட்டம் உண்டா என்று 1905இல் ஷார்ப்பிடம் கேட்டார். ஷார்ப் கிம்பரைக் கைகாட்டினார். மேரி நீல் ஹெடிங்டனுக்கே போய்க் கிம்பரைக் கண்டு பேசினார். கிம்பர் தம் உறவினர் ஒருவரோடு லண்டனுக்கு வந்து பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

இந்த இடத்தில்தான் என் மனம் எப்போதும் நின்றுவிடும். ஊசியும் நூலும் பிடித்துக் கண் மங்கிய பெண்கள், ஒரு கொத்தனார் சொல்லித்தரத் தடி பிடித்து ஆடுகிறார்கள். விரைவில் அவர்களே ஆசிரியர்களாகிவிட்டார்கள். இங்கிலாந்து முழுக்க ஊர் ஊராகப் போய்ப் பள்ளிகளிலும் மன்றங்களிலும் மோரிஸ் கற்றுக்கொடுத்தவர்கள் இந்தத் தையல்காரப் பெண்கள். 1907இல் ஷார்ப்பும், எஸ்பெரான்ஸ் மன்றத்தின் இசைப் பொறுப்பாளர் ஹெர்பர்ட் மக்இல்வைனும் சேர்ந்து மோரிஸ் ஆட்டப் புத்தகத்தின் முதல் பகுதியை வெளியிட்டார்கள். 'ரிக்ஸ் ஓ மார்லோ' அதில் இடம்பெற்றது. புத்தகத்தை அந்தப் பெண்களுக்கே காணிக்கையாக்கியிருந்தார்கள்.

உறவு நீடிக்கவில்லை. அடவு பிசகக் கூடாது, நான் குறித்தபடி ஆட வேண்டும் என்றார் ஷார்ப். ஆடுகிறவர்களின் மகிழ்ச்சிதான் முதலில், பழைய ஆட்டக்காரர்களிடமிருந்தே நேரடியாகக் கற்கலாம் என்றார் மேரி நீல். பத்திரிகைகளில் சண்டை நடந்தது. 1911இல் ஷார்ப் ஆங்கில நாட்டுப்புற நடனச் சங்கத்தைத் தொடங்கினார். முதல் உலகப் போர் வந்து எஸ்பெரான்ஸ் மன்றம் கலைந்தது. ஷார்ப்பின் பெயரில் லண்டனில் கட்டடமே எழுந்தது, மேரி நீலின் பெயர் பல பத்தாண்டுகள் அடிக்குறிப்பில் கிடந்தது. 1934இல் மோரிஸ் குழுக்களின் கூட்டமைப்பாக உருவான மோரிஸ் ரிங் ஆண்களுக்கு மட்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டது. நாட்டுக்கே அந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தவர்கள் பெண்கள் என்ற செய்தி அந்தக் கதவுக்கு வெளியே நின்றது. கூட்டமைப்பு பெண்களை ஆட்டக்காரர்களாக ஏற்க 2018 ஆனது. மெட்டைக் காப்பாற்றியவர் யார் என்று என்னைக் கேட்டால், கிம்பருக்கும் ஷார்ப்புக்கும் பக்கத்தில் அந்தத் தையல்காரப் பெண்களையும் சேர்த்தே சொல்வேன்.

பிற்காலத்தில் மெட்டுக்குப் பல புது வீடுகள் கிடைத்தன. அமெரிக்காவில் லெராய் ஆண்டர்சன் தம் ஐரிஷ் இசைத் தொகுதியில் முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் அமைத்தார். நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் வெற்றிக் கூத்துக்கு அதைத்தான் வாசிக்கிறார்கள். அவை எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை. பித்தளை வாத்தியங்கள் சேர்ந்து முழங்கும்போது மணிக்கட்டின் அசைவு மெட்டிலிருந்து காணாமல் போகிறது.

கிம்பர் 1961 வரை வாழ்ந்தார். ஷார்ப்பைச் சந்தித்த அதே டிசம்பர் 26 அன்றுதான் மறைந்தார். முதுமையில் அவர் வாசித்த கான்செர்டினா ஒலிப்பதிவாகி இருக்கிறது. பிடிலில் இந்த மெட்டைக் கற்கும் யாரும் அதைக் கேட்காமல் இருக்கக் கூடாது என்பேன். அவருடைய வகைக் கான்செர்டினாவில் ஒரே பொத்தான் துருத்தியை அழுத்தும்போது ஒரு ஸ்வரமும் இழுக்கும்போது வேறொரு ஸ்வரமும் கொடுக்கும். மெட்டின் சுருதிக்குரிய வரிசையில் வாசித்தால் ச க ச க முழுவதும் அழுத்தலில் விழும், நி ரி நி ரி முழுவதும் இழுப்பில் விழும். பிடில்காரரின் வில் செய்ததைத் துருத்தி தன் மூச்சால் செய்கிறது.

ஹெடிங்டன் குவாரிக் குழு இன்றும் ஆடுகிறது, கிறிஸ்துமஸுக்கு மறுநாளும் ஆடுகிறது. மெட்டை வேகமாக வாசிப்பவர்களே இப்போது அதிகம். மதுக்கடைகளில் கூடி வாசிக்கும் இசைக்குழுக்கள் நான்கைந்து மெட்டுகளைச் சேர்த்துக் கட்டிப் பறக்கவிடுவார்கள். கிம்பரின் வாசிப்பு அதைவிட நிதானம். ஆடுபவர் கால் உந்தி எழுந்து, மேலே ஒரு கணம் நின்று, கீழே இறங்கி மணிகளை ஒலிக்க வேண்டும், அதற்குள் அடுத்த தட்டு வந்துவிடக் கூடாது. அதனால் அவர் ஒவ்வொரு பாரிலும் முதல் அடியை அழுத்தி, அடுத்ததை இலேசாக்கி, தூக்கித் தூக்கிக் கொடுக்கிறார். வில்லால் அதைக் கொண்டுவருவது கடினம். கீழ்வில்லில் அழுத்தத்தைத் தொடக்கத்திலேயே கொடுத்துவிட்டு உடனே தளர்த்த வேண்டும், மேல்வில்லைக் குட்டையாக நிறுத்த வேண்டும். கற்றுக்கொள்ள விரும்புபவர்கள் ச க ச க-வை மட்டும் எடுத்துக்கொண்டு, கூடத்தில் யாரையாவது குதிக்கச் சொல்லி, அவர் கால் தரையில் படும்போது வில் விழும்படி வாசித்துப் பாருங்கள். பின்பாதியை அதற்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.